காயல் துறையில் இறங்கிய குதிரைகள்

ஸ்ரீவைகுண்டத்திலிருந்து தாமிரபரணியின் போக்கிலேயே கிழக்கே சென்றால், ஆறு கடலோடு கலக்கும் இடத்தருகே பழையகாயல் என்னும் சிற்றூரைக் காணலாம். மார்க்கோ போலோ குறிப்பிடும் 'காயல்' துறைமுகம் இதுவே என்று பேராயர் கால்டுவெல் 1881-இல் வெளிவந்த தம் திருநெல்வேலி வரலாற்று நூலில் எழுதினார். நாம் அறிந்த காயல், முத்தின் காயல். ஆனால் முத்தை விற்ற பொன்னால் பாண்டியர் வாங்கியது எது தெரியுமா? குதிரை!

வரலாற்று வகுப்பில் இதைப் படித்தபோது எங்களுக்குள் ஒரு கேள்வி எழுந்தது. ஆயிரக்கணக்கான குதிரைகள் வந்து இறங்கிய இக்கரையில், இன்று நாம் காண்பது மாடும் ஆடும்தாமே! அக்குதிரைகளின் குலம் எங்கே போயிற்று?

பொன் கொடுத்தும் நிலைக்கவில்லை

13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கு வந்த மார்க்கோ போலோ, ஹோர்முஸ், ஏடன் முதலிய துறைகளிலிருந்து குதிரைகள் வந்ததாகக் கூறுகிறார். பாண்டிய மன்னர் ஐவரும் ஆளுக்கு 2,000-க்கு மேல் ஆண்டுதோறும் வாங்குவராம். ஆண்டு முடிவில் நூறு குதிரைகள்கூட எஞ்சமாட்டாவாம்! பாரசீக வரலாற்றாசிரியர் வாசாப், ஒரு குதிரையின் விலை 220 பொன் தினார் என்றும், வழியில் கடலில் இறந்த குதிரைக்கும் அரசு பணம் கொடுத்தது என்றும் எழுதியுள்ளார். இவ்வெண்கள் சற்று மிகையாகவே இருக்கலாம். ஆயினும் இருவரும் கூறும் காரணம் ஒன்றே: குதிரையைப் பேணும் அறிவு இங்கு இல்லை.

சோறும் இறைச்சியும் சமைத்துப் போட்டனர் என்கிறார் ஒருவர். வறுத்த தானியத்தை வெண்ணெயில் பிசைந்து கொடுத்து, நாற்பது நாள் முளையில் கட்டிக் கொழுக்க வைத்து, பழக்காமலே ஏறி ஓட்டினர் என்கிறார் மற்றவர். லாடம் அடிப்போரையும் வணிகர்கள் இங்கு வரவிடவில்லையாம். குதிரை பிழைத்துவிட்டால் அடுத்த ஆண்டு விற்பனை குறையுமன்றோ!

இன்றைய அறிவியல் இதை நன்கு விளக்குகிறது. குதிரை பெரிய விலங்கு. ஆனால் அதன் இரைப்பை சிறியது. நாள் முழுதும் சிறிது சிறிதாகப் புல் மேயவே அது படைக்கப்பட்டுள்ளது. மாட்டைப் போல் அசை போடாது. உண்டது ஒவ்வாவிட்டால் வாந்தி எடுக்கவும் அதனால் முடியாது. ஒரே வேளையில் மிகுதியான தானியம் கொடுத்தால் கடும் வயிற்றுவலி வரும். குளம்பினுள் வீக்கம் கண்டு நிற்கவும் முடியாமற் போகும். அன்போடு ஊட்டிய உணவே நஞ்சாகிவிடும்! காளையின் சுழியையும் நடையையும் கண்டு குணம் சொல்ல வல்ல நம் முன்னோர், குதிரையை அறிந்துகொள்ளும் முன்பே அதை வாங்கிவிட்டனர் போலும்.

பண்ணை என்பது பொறுமை

வாங்குவதை விட்டு வளர்ப்பதே வழி. நம் மாநிலத்தில் ஒசூரை அடுத்த மத்திகிரியில் இன்றுள்ள அரசுக் கால்நடைப் பண்ணை, 1824-இல் படைக்குதிரைகளுக்காக ஆங்கிலேயர் தொடங்கியதே.

பந்தயத்திற்கும் விளையாட்டிற்கும் குதிரை வளர்ப்பது எளிதன்று. பெண் குதிரை ஏறத்தாழ 11 மாதம் சுமந்து பெரும்பாலும் ஒரு குட்டியே ஈனும். குட்டி இரண்டு மணி நேரத்திற்குள் எழுந்து நின்று, சீம்பாலைக் குடித்தாக வேண்டும். ஆறாம் மாத அளவில் பால் மறக்கும். மனிதர் கை பட்டும், கயிற்றுக்கு இசைந்தும் பழகிய பின், ஏறத்தாழ மூன்று வயதில்தான் விளையாட்டுக் குதிரையின் முதுகில் சேணமும் ஆளும் ஏறலாம். எலும்பு முற்றுமுன் தடை தாண்டச் செய்தால் கால் கெட்டுவிடும். ஆறு முதல் எட்டு வாரத்திற்கு ஒருமுறை குளம்பைச் சீவ வேண்டும். இத்தனை ஆண்டுகளும் பண்ணைக்குச் செலவே தவிர வரவு இல்லை. பொறுக்க முடியாதவர் பண்ணை நடத்த இயலாது.

பொறுத்தவர் கண்ட பயன்

1982-ஆம் ஆண்டு டெல்லி ஆசிய விளையாட்டில் ரகுபீர் சிங் குதிரையேற்றத்தில் தங்கம் வென்றார். அதன்பின் 41 ஆண்டுகள் கழித்து, 2023-இல் ஹாங்சோவில் நடந்த போட்டியில் நம் நாட்டின் குழு, குதிரையை நயமாக நடத்திக் காட்டும் பிரிவில் தங்கம் வென்றது. அந்நால்வரில் இருவர் பெண்கள்: சுதீப்தி ஹஜேலா, திவ்யகிருதி சிங்! ஆணும் பெண்ணும் ஒரே களத்தில் சமமாக நின்று போட்டியிடும் விளையாட்டு இது என்பது நமக்கெல்லாம் பெருமையன்றோ! ஆயினும் அவர்கள் ஐரோப்பாவில் தங்கி, ஐரோப்பியக் குதிரைகளோடு பயின்றே இவ்வெற்றியைப் பெற்றனர். எழுநூறு ஆண்டுகளுக்குப் பின்னும் நாம் சிறந்த குதிரைக்குக் கடல் கடந்தே பார்க்கிறோம்.

தோழியரே! எங்கள் கேள்விக்கு விடை கிடைத்தது. காயலில் குதிரைகளுக்குக் குறைவில்லை, பொன்னுக்கும் குறைவில்லை, குறைந்தது அறிவே. அதைத் தர மறுத்தவர்கள் இலாபம் கண்டார்கள். கேட்டுப் பெறாதவர்கள் ஆண்டுதோறும் இழந்தார்கள். பேசத் தெரியாத உயிர்கள் அதற்கு விலை கொடுத்தன. நம் வீட்டுக் கன்றாயினும் கோழிக்குஞ்சாயினும், அதற்கு என்ன வேண்டும் என்று முதலில் கேட்டறிவோம். பிறகு அன்பு செய்வோம். அறிந்து செய்யும் அன்பே உயிரைக் காக்கும்.