ஒரு புள்ளியில் சாம்பியன்: விதியை மாற்றினால் முடிவு மாறுமா?



போன எபிசோடில் தரவரிசை அல்காரிதம் பற்றிப் பேசும்போது, "வெயிட்டேஜை மாத்தினா ரிசல்ட்டும் மாறும்"னு போகிற போக்கில் சொல்லிவிட்டேன். எப்போ மாறும், மாறினால் அது நியாயமா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். பதில் சொல்ல ஒரு நல்ல டேட்டா நான் இருக்கும் ஊருக்குப் பக்கத்திலேயே கிடைத்தது.

ஆஸ்லோவுக்குத் தென்கிழக்கே ஸ்பீடெபெர்க் என்று ஒரு சின்ன ஊர். அந்த ஊர்க்காரர் பெட்டர் சோல்பெர்க் 2003-ல் சுபாரு காரில் உலக ராலி சாம்பியன் ஆனார். அவருக்கு 72 புள்ளி. இரண்டாவது வந்த பிரான்ஸின் செபாஸ்டியன் லோபுக்கு 71. ஒரே ஒரு புள்ளி வித்தியாசம்!

இதில் கவனிக்க வேண்டியது, அந்த வருடம்தான் புள்ளிக் கணக்கையே மாற்றியிருந்தார்கள். 2002 வரை முதல் ஆறு இடங்களுக்கு 10-6-4-3-2-1. 2003 முதல் எட்டு இடங்களுக்கு 10-8-6-5-4-3-2-1. ஜெயித்தவருக்கும் இரண்டாவது வந்தவருக்கும் இடைவெளி நான்கிலிருந்து இரண்டாகக் குறைந்தது. முந்தின வருடம் மார்கஸ் குரோன்ஹோல்ம் 77 புள்ளி எடுத்திருந்தார். இரண்டாவது வந்த சோல்பெர்க்குக்கு அப்போது 37தான். போட்டி என்று சொல்ல அதில் ஒன்றும் இல்லை.

அப்படியானால் சோல்பெர்க் ஜெயித்தது புது விதியாலா? 2003-ன் 14 ராலி முடிவுகளையும் ஒரு குட்டி பைத்தான் ஸ்க்ரிப்டில் போட்டுப் பார்த்தேன்.

- புதுக் கணக்கு: சோல்பெர்க் 72, லோப் 71
- பழைய கணக்கு: சோல்பெர்க் 59, லோப் 57
- இன்று ஃபார்முலா ஒன்னில் இருக்கும் 25-18-15 கணக்கு: சோல்பெர்க் 180, லோப் 172
- வெற்றிகளை மட்டும் எண்ணினால்: சோல்பெர்க் 4, லோப் 3

எந்தக் கணக்கில் போட்டாலும் சாம்பியன் அவரேதான். அப்போ புது விதி எதைத்தான் மாற்றியது?

கடைசி ராலிக்கு முன்னால் இருந்த நிலவரத்தைப் பாருங்கள். புதுக் கணக்கில் லோப் 63, கார்லோஸ் சைன்ஸ் 63, சோல்பெர்க் 62, ரிச்சர்ட் பர்ன்ஸ் 58. நாலு பேருக்கும் வாய்ப்பு இருந்தது. பழைய கணக்கில் அதே நாலு பேர் 51, 43, 49, 37. ஒரு வெற்றிக்குப் பத்துப் புள்ளிதான், ஆக பர்ன்ஸ் எப்போதோ அவுட். அதாவது ஓட்டம் அதேதான், ஸ்கோர்போர்டுதான் நெருக்கமாகியிருக்கிறது.

நடு வரிசையில் இன்னும் பெரிய மாற்றம். பர்ன்ஸ் அந்த வருடம் ஒரு ராலிகூட ஜெயிக்கவில்லை, ஆனால் ஏழு முறை முதல் மூன்று இடங்களுக்குள் வந்தார். குரோன்ஹோல்ம் மூன்று ராலி ஜெயித்தார், பல ராலிகளில் கார் முடிவுக்கோட்டையே எட்டவில்லை. புதுக் கணக்கில் பர்ன்ஸ் 58, குரோன்ஹோல்ம் 46. பழைய கணக்கில் குரோன்ஹோல்ம் 40, பர்ன்ஸ் 37. யார் மேல்? அதை டேட்டா சொல்லாது. வெற்றி முக்கியமா, நிலைத்தன்மை முக்கியமா என்று நாம்தான் முதலில் முடிவு செய்ய வேண்டும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. பழைய முடிவுகளைப் புது ஃபார்முலாவில் போடும்போது, மனிதர்கள் அப்படியேதான் ஓட்டியிருப்பார்கள் என்று நாமாக நினைத்துக்கொள்கிறோம். அது சரியில்லை. அந்தக் கடைசி ராலியில், வேல்ஸில், தயாரிப்பாளர் பட்டத்தைக் காப்பாற்ற ரிஸ்க் எடுக்காமல் காரைக் கொண்டுவந்து சேர்க்கச் சொல்லி லோபுக்கு சிட்ரோயன் அணி உத்தரவிட்டது. அவர் இரண்டாவது வந்தார், சோல்பெர்க் முதலிடம். ரூல் மாறினால் ஓட்டுகிற விதமும் மாறும். ஸ்க்ரிப்டுக்கு அது தெரியாது.

விதியே சாம்பியனை மாற்றிய வருடமும் உண்டு. 1988 ஃபார்முலா ஒன்னில் 16 பந்தயம், ஆனால் ஒருவரின் சிறந்த 11 முடிவுகள்தான் கணக்கில் வரும். மொத்தமாகக் கூட்டினால் அலன் ப்ரோஸ்ட் 105, அயர்டன் சென்னா 94. விதிப்படி ப்ரோஸ்ட் 87, சென்னா 90. பட்டம் சென்னாவுக்கு. அநியாயமா? இல்லை என்றுதான் சொல்வேன். சீசன் தொடங்கும் முன்பே இரண்டு பேருக்கும் அந்த விதி தெரியும். பிடிக்காததால் 1991 முதல் எல்லாப் பந்தயத்தையும் எண்ண ஆரம்பித்தார்கள், ஆனால் பழைய பட்டத்தைத் திருப்பிக் கேட்கவில்லை.

இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், இதே சிக்கலில் நானும் மாட்டியிருக்கிறேன். ஒரு டெண்டருக்கு மதிப்பெண் போடும் ஸ்க்ரிப்ட் எழுதியிருந்தேன். விலைக்கு இவ்வளவு, தரத்துக்கு இவ்வளவு என்று முன்னாடியே அறிவித்தாகிவிட்டது. ரிசல்ட் வந்தபிறகு, "விலையோட வெயிட்டேஜைக் கொஞ்சம் கூட்டிப் பாக்கலாமா?" என்று ஒரு குரல். கூட்டிப் பார்த்தேன். ஒரே ஒரு எண், முதலிடம் மாறிவிட்டது. கமிட் பண்ணியிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் ஒரு குழு மாதக்கணக்கில் அந்த அறிவிப்பை நம்பி உழைத்திருக்கிறது. மறுநாள் காலை பழைய எண்ணுக்கே திருப்பிவிட்டு, ஏன் என்று மெயில் போட்டேன். கான்ட்ராக்டருக்கு அது கொஞ்சம் பயமான மெயில்தான்.

ஆக, என் பதில் இதுதான். புள்ளி விதி போட்டியை நெருக்கமாக்கும், ஆனால் நெருக்கம் வேறு, நியாயம் வேறு. பெயர்களைப் பார்க்கும் முன் எழுதி, எல்லோருக்கும் சொல்லி, பாதியில் கை வைக்காமல் இருந்தால் எந்தக் கணக்கும் ஓரளவு நியாயம்தான். ரிசல்ட்டைப் பார்த்துவிட்டு மாற்றினால் எவ்வளவு அழகான ஃபார்முலாவும் அநியாயம்தான்.

இந்த வார வீட்டுப்பாடம்: உங்கள் டீமில் ஓடும் ஏதாவது ஒரு ஸ்கோரை எடுத்து, வெயிட்டேஜை மாற்றி மூன்று முறை ஓட்டுங்கள். முதலிடம் அசையவில்லை என்றால் நிம்மதி. அசைந்தால், அந்த எண்ணை யார், எப்போது, எதற்காக வைத்தார்கள் என்று தேடிப் பாருங்கள். கிடைத்ததை எனக்கு எழுதுங்கள், அடுத்த எபிசோடில் பேசுவோம்.