உசியாவை மறந்துவிடாதே

பிரேசர் டவுன், பெங்களூரு

அன்பு மகனுக்கு,

நீ சபைச் செயலராகத் தேர்ந்தெடுக்கப்பட்டாய் என்று கேட்டதும் பெரியம்மாவும் நானும் ஸ்தோத்திரம் செலுத்தினோம். இனி உன் சொல்லுக்குச் சபையில் எடை கூடும். அதனால்தான் எழுதுகிறேன்.

இரண்டாம் நாளாகமம் 26-ஆம் அதிகாரத்தை நிதானமாக வாசி. உசியா 16 வயதில் யூதாவின் ராஜாவாகி 52 ஆண்டுகள் ஆண்டான். எருசலேமில் கோபுரங்கள் கட்டினான்; வனாந்தரத்தில் துரவுகள் வெட்டினான். தேவனைத் தேடிய காலமெல்லாம் தொட்டது துலங்கியது. எல்லாம் கைகூடிய பிறகுதான் விழுந்தான். ஆசாரியர் மட்டுமே தூபங்காட்டும் இடத்துக்குள் தூபகலசத்தோடு தானே நுழைந்தான். ஆசாரியனாகிய அசரியாவும் அவனோடு 80 ஆசாரியரும் தடுத்தார்கள். அவர்கள்மேல் சீறினான், அப்போதே நெற்றியில் குஷ்டம் தோன்றியது. சாகும்வரை தனி வீட்டில் கிடந்தான். மகன் யோதாம் நாட்டைப் பார்த்துக்கொண்டான்.

உசியா விக்கிரகத்தைத் தேடிப் போகவில்லை, மகனே. கர்த்தருக்கே தூபங்காட்டப் போனான். பக்தியான காரியத்துக்குள்ளும் பெருமை புகுந்துவிடும். சவுலைப் பார்: ராஜாவாகத் தெரிந்துகொள்ளப்பட்ட நாளில் தளவாடங்களுக்கிடையே ஒளிந்திருந்தவன், அமலேக்கியரை வென்றதும் கர்மேலில் தனக்கென்று ஜெயஸ்தம்பம் நாட்டினான்.

தாவீது ராஜா செய்ததோ இவற்றைவிடக் கொடியது; உரியாவின் மனைவியை எடுத்துக்கொண்டு அவனைக் கொல்லவும் வைத்தான். ஆனால் தீர்க்கதரிசி நாத்தான் முகத்துக்கு நேரே சொன்னபோது சாக்குச் சொல்லாமல் பாவத்தை ஒப்புக்கொண்டான். தண்டனையைச் சுமந்தான், மன்னிப்பும் பெற்றான்.

ஆலய விரிவாக்க வேலை முடியப்போகிறது. கல்வெட்டில் கமிட்டியார் பெயர்கள் வேண்டும் என்பார்கள். உன் பெயர் வேண்டாம் என்று நீயே சொல்லிவிடு. கன்டோன்மென்ட் காலத்தில் பட்டாளத்தோடும் கூலி வேலைக்கும் இங்கே வந்த நம் தமிழ் ஜனங்களில் பெரும்பாலோர் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை. அவர்கள் ஜெபித்த பாஷையில் இன்றும் ஆராதனை நடக்கிறது.

காணிக்கைக் கணக்கை உனக்கு வேண்டாதவரும் பார்க்கட்டும். சபை ஐயரோ மூத்த அம்மாமாரோ “இது சரியில்லை, தம்பி” என்றால், பதில் பேசுமுன் ஓர் இரவு பொறு. உன்னிடம் அப்படிச் சொல்ல அவர்கள் தயங்காதவரை நீ பத்திரமாக இருக்கிறாய்.

ஜெபத்துடன்,
பெரியப்பா