எச்.டி. தொலைக்காட்சி: தீவில் வாழ்வோர் வாங்குமுன் கணக்கிட வேண்டியவை

சென்னையையும் போர்ட் பிளேயரையும் இணைக்கும் கடலடிக் கண்ணாடி இழை வடம் 2020 ஆகஸ்ட் 10 அன்று நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. ஏறத்தாழ 2,300 கி.மீ. நீளமுள்ள இவ்வடம் சுயராஜ் தீவு, ரங்கத், லிட்டில் அந்தமான், கார் நிக்கோபார், கிரேட் நிக்கோபார் உள்ளிட்ட இடங்களையும் தொடுகிறது. அதற்கு முன்னர் தீவுகளுக்கும் தாயகத்துக்கும் இடையிலான இணையத் தொடர்பு செயற்கைக்கோளின் குறுகிய வழியையே நம்பியிருந்தது. அந்நாளில் இங்கு எச்.டி. பெட்டி வாங்கியவர்களுள் பலர், புதிய திரையில் பழைய படத்தையே பார்த்தனர். இப்போது நிலைமை மாறியுள்ளது. ஆயினும் எல்லாத் தீவுகளிலும், எல்லா வீடுகளிலும் ஒரே அளவில் மாறிவிடவில்லை. ஆகவே தாயகத்து உறவினர் கூறும் யோசனையை அப்படியே ஏற்பதற்கில்லை.

முதலில் எச்.டி. என்பது யாதெனக் காண்போம். நமது பழைய ஒளிபரப்பின் படம் 720க்கு 576 புள்ளிகளால் ஆனது. அதாவது சுமார் 4 லட்சம் புள்ளிகள். முழு எச்.டி. படமோ 1920க்கு 1080. சுமார் 20 லட்சம் புள்ளிகள். இந்த ஐந்து மடங்கு தெளிவு கண்ணை வந்தடைய நான்கு கண்ணிகளும் பொருந்தியிருத்தல் வேண்டும்: எச்.டி.யில் ஒளிபரப்பாகும் அலைவரிசை, அதற்கான சந்தா, எச்.டி. செட்டாப் பாக்ஸ், அதனைத் திரையுடன் இணைக்கும் எச்.டி.எம்.ஐ. கம்பி. இவற்றுள் ஒன்று பழையதாயினும் படம் பழையதே. பெரிய திரையில் அது முன்னிலும் மங்கலாகத் தோன்றவும் கூடும். கடைகளில் ஓடும் விளக்கப் படங்கள் இந்தக் குறையைக் காட்டுவதில்லை என்பதை வாடிக்கையாளர்கள் நினைவில் கொள்ள வேண்டும்.

அடுத்து, அமரும் தூரம். இயல்பான பார்வையுள்ள ஒருவர் முழு எச்.டி.யின் நுட்பம் முழுவதையும் காண, திரையின் மூலைவிட்ட அளவைப் போல் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு தூரத்துக்குள் அமர வேண்டும். 32 அங்குலத் திரைக்கு அது நாலேகால் அடி. 43 அங்குலத் திரைக்கு ஐந்தரை அடி. எட்டடி தள்ளி நாற்காலி போடப்படும் கூடத்தில் 32 அங்குலப் பெட்டி போதுமெனின், ‘எச்.டி. ரெடி’ வகைக்கும் முழு எச்.டி.க்கும் இடையே வேறுபாடு காண்பது அரிது. 4கே பெட்டிக்குக் கூடுதல் விலை கொடுப்பதோ அவ்வறையில் வீண் என்றே நாம் கருதுகிறோம். அளவுநாடா ஒன்றைக் கொண்டு இதனை இன்றே சோதிக்கலாம்.

தீவுக்கே உரிய சிக்கல் அலை வந்து சேரும் வழியில் உள்ளது. சிறிய தட்டுகளைப் பயன்படுத்தும் டி.டி.எச். சேவைகள் கே.யு. அலைவரிசைப் பட்டையில் இயங்குபவை. அவ்வலைகளைக் கனமழை எளிதில் நலிவுறச் செய்யும். இரு பருவமழைகளையும் பெற்று, ஆண்டுக்குச் சுமார் 3,000 மி.மீ. மழை காணும் இத்தீவுகளில் இது சிறிய செய்தியன்று. தூர்தர்ஷன் தனது இலவச டி.டி.எச். சேவையை 2004இல் தொடங்கியபோது, அதன் கே.யு. அலைவீச்சு அந்தமானை எட்டாததால், மழையைத் தாங்கவல்ல சி பட்டையில் தீவுகளுக்கெனத் தனிச் சேவை அளிக்க நேர்ந்ததும் இங்கு நினைவுகூரத் தக்கது. பெட்டியை மாற்றுவதால் மழைக்காலத் தடங்கல் நீங்காது. உங்கள் தெருவில் எச்.டி. சந்தா வைத்திருப்பவரிடம் சென்ற மழைக்காலம் எப்படி இருந்தது என்று கேட்பது, எந்த விளம்பரத்தையும் விடப் பயன்தரும். இணையம் வழியே பார்ப்பதாயின் எச்.டி. படத்துக்கு மணிக்குச் சுமார் 3 ஜி.பி. செலவாகும். கண்ணாடி இழை இணைப்பு வீடுவரை வந்திருந்தால் கவலையில்லை. கைப்பேசித் தரவையே நம்பியிருப்போர் மாதக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

இனி, பணம். 32 அங்குலத்துக்கு மேற்பட்ட பெட்டிகளுக்கான ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 28 விழுக்காட்டிலிருந்து 18 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. எனவே வரிக்காகச் சிறிய பெட்டி வாங்க வேண்டிய தேவை இன்றில்லை. ஆயினும் கப்பல் கூலி விலையில் அடங்கியுள்ளதா என்று கேட்டறிக.

‘வட்டியில்லாத் தவணை’ என்னும் சொல்லே பலரையும் கடைக்குள் இழுக்கிறது. வட்டியே இல்லாத கடன் என ஒன்று இல்லை என்றும், வட்டி வேறு கட்டணங்களின் பெயரில் மறைக்கப்படுகிறது என்றும் ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரிலேயே வங்கிகளுக்குச் சுட்டிக்காட்டியது. ஒரு கணக்கு: பெட்டியின் விலை 30,000 ரூபாய், ரொக்கமாகக் கொடுத்தால் 28,000 என்று கொள்வோம். தவணையில் மாதம் 2,500 வீதம் 12 மாதங்கள். உண்மையில் நீங்கள் பெற்ற கடன் 28,000தான். திருப்பித் தருவது 30,000. ஆண்டு வட்டி ஏறத்தாழ 13 விழுக்காடு. இதன்மேல் தொடக்கத்திலேயே 500 ரூபாய் நடைமுறைக் கட்டணமும் அதற்கு 18 விழுக்காடு வரியும் சேர்ந்தால் 17 விழுக்காட்டை எட்டிவிடும். அதே 2,500 ரூபாயைத் தொடர் வைப்பில் ஓராண்டு செலுத்துபவர், வட்டியும் பெற்று, ரொக்கத் தள்ளுபடியும் பெறுகிறார். பழைய பெட்டி இன்னும் ஓடுமாயின் இவ்வழியே சிறந்தது. அது பழுதாகி, வீட்டில் முதியோருக்கு வேறு பொழுதுபோக்கும் இல்லையெனில் காத்திருக்கச் சொல்வது முறையன்று. தவணையே எடுக்கலாம், ஆனால் ரொக்க விலையைக் கேட்டறிந்து, மேற்கண்ட கணக்கைப் போட்ட பின்னரே.

வாங்குவதென முடிவாயின், உத்தரவாத அட்டையைப் பிரித்துப் படிக்கவும். பழுதுபார்ப்பவர் வீட்டுக்கே வருவாரா, அல்லது பெட்டியைப் போர்ட் பிளேயருக்கு நாமே கப்பலில் அனுப்ப வேண்டுமா, அதன் செலவு யாருடையது, மின்னழுத்த ஏற்றத்தாழ்வால் நேரும் சேதம் உத்தரவாதத்தில் அடங்குமா என்பனவற்றை விற்பனையாளரிடம் எழுத்தில் பெறுக. கார் நிக்கோபாரிலோ கச்சாலிலோ வாழ்பவருக்கு, திரையின் அளவைவிட இந்த விடைகளே பெரியவை.