ஸ்கூபா கற்கும் வீட்டுக்குச் சிக்கனக் குறிப்புகள்

நம்ம அயனம்பாக்கத்தில் ஏரிதான் உண்டு, கடல் இல்லை. ஆனாலும் நார்வே, ஸ்காட்லாந்து என்று படிக்கப் போகிற பிள்ளைகள், உடம்பில் தண்ணீர் படாத ட்ரை சூட் போட்டு ஸ்கூபா டைவிங் கற்கக் கிளம்பிவிடுகிறார்கள். அந்த வீட்டுக்காரர்களுக்கு:

1. அடிப்படைப் பயிற்சியை இங்கேயே முடித்துவிடுங்கள். புதுச்சேரியில் பயிற்சி மையங்கள் இருக்கின்றன. கிளாம்பாக்கத்தில் பஸ் ஏறினால் ஆயிற்று. நம்ம கடல் வெதுவெதுப்பானது, மெல்லிய வெட் சூட்டே போதும். ட்ரை சூட் பாடத்தை மட்டும் குளிர் நாட்டில் படிக்கலாம். ஐப்பசி, கார்த்திகையில் மட்டும் தேதி வாங்காதீர்கள், கலங்கல் தண்ணீருக்குக் காசு கொடுத்த கதையாகிவிடும்.

2. 200 மீட்டர் நிற்காமல் நீந்தவும், 10 நிமிஷம் மிதக்கவும் சொல்வார்கள். பக்கத்து நீச்சல் குளத்திலேயே பழகிவிட்டுப் போங்கள்.

3. புது மாஸ்க் கண்ணாடியின் உள்பக்கம் வெள்ளை டூத்பேஸ்ட் தடவி, விரலால் தேய்த்துக் கழுவுங்கள். அப்புறம் ஒவ்வொரு தடவையும் தண்ணீரில் கலந்த பேபி ஷாம்பு ஒரு சொட்டு போதும், ஆவி படியாது.

4. டைவிங் அன்று தலைக்குத் தேங்காய் எண்ணெய் வேண்டாம். ட்ரை சூட்டின் கழுத்து, மணிக்கட்டு ரப்பர் பட்டைகளுக்கு எண்ணெய்தான் முதல் எதிரி.

5. அந்தப் பட்டை சுலபமாக ஏற வாசனை இல்லாத டால்கம் பவுடர் தூவுங்கள். வளையல், மோதிரம், தாலிச் சங்கிலி எல்லாம் வீட்டில் பத்திரமாக இருக்கட்டும். நகத்தையும் ஒட்ட வெட்டிவிடுங்கள். கழுத்துப் பட்டைக்குள் ஒரு முடிக்கற்றை மாட்டினாலே உள்ளே தண்ணீர் இறங்கும்.

6. பித்தளை ஜிப்புக்கு மெழுகுவர்த்தித் துண்டைத் தேய்த்தால் வழுக்கிக்கொண்டு ஓடும். பிளாஸ்டிக் ஜிப்புக்கு இது ஆகாது, சிலிக்கான் கிரீஸ்தான்.

7. மெல்லிய துணி ரக ட்ரை சூட் தண்ணீரைத்தான் தடுக்கும்; குளிரைத் தடுப்பது உள்ளே போடும் உடுப்பு. தண்ணீர் நம் உடம்புச் சூட்டைக் காற்றைவிடச் சுமார் 25 மடங்கு வேகமாக உறிஞ்சிவிடும். பனியன் வியர்வையைப் பிடித்துவைத்துக்கொள்ளும், கம்பளி உடுப்பே நல்லது.

8. ட்ரை சூட்டை உப்பு போக அலச ஆர்.ஓ. கழிவுத் தண்ணீரை எடுக்காதீர்கள், அதிலேயே உப்பு ஜாஸ்தி. ஏ.சி.யிலிருந்து சொட்டுகிற தண்ணீரைப் பக்கெட்டில் பிடித்துக் கடைசி அலசலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். அகலமான ஹேங்கரில் மாட்டி நிழலில் உலர்த்தினால் போதும், மொட்டை மாடி வெயில் ரப்பரைத் தின்றுவிடும்.

9. ட்ரை சூட்டுக்குள் இருக்கும் காற்று காலுக்கு ஏறினால் ஆளைத் தலைகீழாகத் தூக்கும். குளத்தில், பயிற்சியாளர் பக்கத்தில் இருக்கும்போதே உருண்டு நிமிரப் பழகச் சொல்லுங்கள். காசை மிச்சம் பிடிக்கிற இடம் இது இல்லை!

10. சளி பிடித்திருந்தால் தேதியைத் தள்ளிப் போடுங்கள், காது வலிக்கு ஆகும் செலவு அதைவிடப் பெரிது.

11. ஒரே நாளில் இரண்டு, மூன்று முறை மூழ்கினால், அதன் பிறகு குறைந்தது 18 மணி நேரம் கழித்துத்தான் விமானம் ஏற வேண்டும். அந்தமான் போகிறவர்கள் டிக்கெட் போடும்போதே கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள், தேதி மாற்றும் கட்டணம் மிச்சம்.