வெயிலில் விழுந்தவளை முதலில் குளிர்விப்போம்

இல்ல விளையாட்டுப் போட்டிக் காலம் வந்துவிட்டால் எமது கல்லூரி மைதானம் மாலைவரை ஓயாது. அணிநடை, உடற்பயிற்சிக் கண்காட்சி, அஞ்சலோட்டம் என எல்லாவற்றுக்கும் வெயிலிலேயே பயிற்சி நடக்கும். முதலுதவிக் குழுவில் இரண்டு வருடங்களாக இருப்பவள் என்ற வகையில், வெப்பத்தால் ஏற்படும் நோய்கள் பற்றி நான் கற்றவற்றை இங்கு பகிர்ந்துகொள்கிறேன்.

எமது உடலின் சாதாரண வெப்பநிலை ஏறத்தாழ 37 பாகை செல்சியஸ். ஓடும்போது தசைகள் செலவிடும் சக்தியில் சுமார் கால்பங்கே அசைவாக மாறுகிறது, மிகுதி வெப்பமாகிறது. அவ்வெப்பத்தை அகற்றுவது வியர்வை. ஆனால் வியர்வை வழிந்தால் மட்டும் போதாது, அது ஆவியாக வேண்டும். எமது காற்றில் ஈரப்பதன் அதிகமாதலால் அது எளிதில் நிகழ்வதில்லை. எனவேதான் வளிமண்டலவியல் திணைக்களம் வெப்பநிலையுடன் ஈரப்பதனையும் சேர்த்துக் கணித்து எச்சரிக்கை விடுக்கிறது.

வெப்பம் மூன்று விதமாக எம்மைத் தாக்கலாம். கால், வயிற்றுத் தசைகள் இழுத்துப் பிடிப்பது வெப்பப் பிடிப்பு. தலைச்சுற்று, தலைவலி, குமட்டல், சோர்வு என்பன வெப்பக் களைப்பின் அறிகுறிகள். இவ்விரு நிலைகளிலும் பயிற்சியை நிறுத்தி, நிழலில் படுக்கவைத்து, கால்களைச் சற்று உயர்த்தி, நீரோ ஜீவனியோ சிறிது சிறிதாகக் கொடுத்தால் பெரும்பாலும் தேறிவிடுவார்கள்.

மூன்றாவதே உயிராபத்தானது. பத்திரிகைகள் இதனை வெப்பப் பக்கவாதம் என்கின்றன. உடல் வெப்பநிலை 40 பாகையை எட்டி, மூளையின் செயற்பாடு குழம்பும். இதனை எவ்வாறு இனங்காண்பது? தோல் உலர்ந்திருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். ஓடி விழுந்தவளுக்கு வியர்வை கொட்டிக்கொண்டும் இருக்கலாம். ஆகவே தோலைப் பார்ப்பதோடு நிற்காமல் பேச்சைக் கவனியுங்கள். பெயரையோ இல்லத்தையோ கேட்டால் தடுமாறுகிறாளா? காரணமின்றிக் கோபப்படுகிறாளா? தள்ளாடுகிறாளா? அப்படியானால் தாமதிக்கக் கூடாது.

ஒருவர் 1990 சுவசெரிய அம்பியூலன்ஸை அழைக்கட்டும். ஏனையோர் அது வரும்வரை காத்திராமல் உடனே குளிர்விக்க வேண்டும். உடல் முழுவதும் நீரை ஊற்றி விசிறுங்கள். ஐஸ் இருந்தால் துணியில் சுற்றிக் கழுத்து, அக்குள், தொடையிடுக்கில் வையுங்கள். சுயநினைவு தெளிவாக இல்லாதவளுக்குக் குடிக்க எதுவும் கொடுக்கக் கூடாது. மயங்கியிருந்தால் பக்கவாட்டில் படுக்கவையுங்கள். பரசிட்டமோல் இதற்குப் பயன்படாது.

இந்த இடத்தில் எம்மிடையே ஒரு தயக்கம் எழுகிறது. பர்தாவைக் கழற்றலாமா, ஆடை நனைந்தால் பிறர் பார்ப்பார்களே என்று கைகள் பின்வாங்குகின்றன. அதற்கு வழி உண்டு. நான்கு மாணவிகள் வெளிப்புறம் நோக்கி நின்று, காற்றைத் தடுக்காமல் ஒரு விரிப்பை மறைப்பாகப் பிடிக்கலாம். உள்ளே பர்தாவையும் சப்பாத்தையும் கழற்றி, ஆடையைத் தளர்த்தி, அதன் மேலேயே நீரை ஊற்றலாம். உயிர் ஆபத்திலிருக்கும்போது மார்க்கமும் சலுகை தருகிறது. மறைப்புத் துணியும் நீர் நிரம்பிய வாளிகளும் மைதானத்தில் தயாராக இருந்தால் இத்தயக்கத்துக்கே இடமிராது.

வருமுன் காப்பதும் எம் கையில்தான். மலசலகூடம் செல்ல நேருமே என்று நீர் அருந்தாதிருப்பதை விட்டுவிடுவோம். கழா நோன்பு நோற்றிருக்கும் நாளில் ஓட்டப் பயிற்சியைத் தவிர்த்துக்கொள்வோம். வெயிலுக்கு உடல் பழக ஓரிரு வாரங்கள் தேவை. முதல் நாளிலேயே முழு வேகத்தில் ஓட வேண்டாம். பெற்றோரே, காய்ச்சலோ வயிற்றோட்டமோ வந்து தேறிய உடனேயே பிள்ளையை மைதானத்துக்கு அனுப்பாதீர்கள். காலை உணவும் தண்ணீர்ப் போத்தலும் இன்றி வீட்டைவிட்டு வெளியேறவும் விடாதீர்கள்.

“என்னால் முடியவில்லை” என்று ஒருத்தி சொன்னால் அதைச் சோம்பல் என்று எண்ணாதிருப்போம். கிண்ணத்தை அடுத்த வருடமும் வெல்லலாம்.