பள்ளி திறக்குமுன் பாதத்தை அளந்துவிடுங்கள்

ஆலங்காயம் வட்டாரத்துக்கான வைகாசி, ஆனி ஆலோசனை

இரண்டு மாதமாக மாந்தோப்பிலும் ஏரிக்கரையிலும் வெறுங்காலோடு திரிந்த பிள்ளைகளின் பாதம் இப்போது விரிந்திருக்கும். போன ஆண்டு ஷூவைத் தேடி எடுத்து மாட்டிப் பார்த்து, "இன்னும் ஒரு மாதம் வரும்" என்று சொல்லும் வாரமும் இதுதான். அப்படிச் சொல்ல வேண்டாம். கடைக்குப் போகுமுன் வீட்டிலேயே ஒரு வேலை இருக்கிறது.

சாயங்காலம், விளையாடி முடித்து வந்த பிறகு அளந்து பாருங்கள். பகல் முழுக்க நடந்த கால் கொஞ்சம் உப்பியிருக்கும். ஷூ தாங்க வேண்டியது அந்தக் காலைத்தான். சுவரோரம் ஓர் அட்டையைப் போட்டு, குதிகால் சுவரில் படும்படி பிள்ளையை நேராக நிற்க வையுங்கள். உட்கார வைத்து அளந்தால் அளவு குறையும். பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்து இரண்டு பாதத்தையும் வரைந்துகொள்ளுங்கள். நீளமான கால் எதுவோ அதுவே கணக்கு. அதன் நுனிக்கு மேல் ஒரு சென்டிமீட்டர் கூட்டி வெட்டி, அந்த அட்டையோடு கடைக்குப் போங்கள். ஷூவுக்குள்ளிருக்கும் இன்சோலை உருவி அட்டையின் மேல் வைத்தால், கடைக்காரர் சொல்லாததையும் அது சொல்லிவிடும். பெரும்பாலான பள்ளி ஷூக்களில் நீளம் சரியாக இருக்கும். சுண்டுவிரல் பக்கம் அட்டை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்.

இது நம் பிள்ளைகளின் பாதக் கோளாறு என்று நினைத்துவிடாதீர்கள். சென்னை மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் 2021 டிசம்பரிலிருந்து 2022 மார்ச் வரை நாடு முழுக்க ஒரு லட்சத்துக்கும் அதிகமானவர்களின் பாதங்களை அளந்தது. ஐரோப்பியப் பாதத்தைவிட இந்தியப் பாதம் அகலம் என்பது அதில் தெரிந்தது. இங்கே கடையில் கிடைக்கும் அளவுகளோ ஐரோப்பாவிலும் இங்கிலாந்திலும் வகுத்தவை. ஐரோப்பிய அளவில் ஒரு எண் கூடினால் நீளம் ஆறரை மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமாகும். இங்கிலாந்து அளவில் எட்டரை மில்லிமீட்டர் அளவுக்குக் கூடும். இரண்டுமே நீளக் கணக்கு. அகலம் போதவில்லை என்று ஒரு எண் பெரிதாக வாங்கினால், ஷூ முன்னால் நீண்டு, மடிய வேண்டிய இடத்தில் மடியாமல் பிள்ளையைத் தடுக்கிவிடும்.

இதற்காகத்தான் 'பேர்ஃபுட் ஷூ' என்ற ஒன்று இப்போது விற்பனைக்கு வருகிறது. பெயர் புதுசு, சங்கதி பழசு. விரல்கள் விரிய முன்பக்கம் அகலமாக இருக்கும். குதிகாலும் முன்பாதமும் ஒரே உயரத்தில் இருக்கும். சோல் மெல்லியது, கையால் வளைக்கலாம். உள்ளே பாத வளைவைத் தூக்கிப் பிடிக்கும் மேடு கிடையாது. ஷூவில் அந்தப் பெயர் அச்சடித்திருக்க வேண்டும் என்பதில்லை. இத்தனையும் இருந்தால் சாதாரணக் கடையில் வாங்கிய கறுப்பு ஷூவும் பேர்ஃபுட் ஷூதான். பெயருக்காக மட்டும் மூன்று மடங்கு விலை கொடுப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பாத வளைவுக்குத் தாங்கல் இல்லாவிட்டால் தட்டைப்பாதம் வந்துவிடாதா என்று கேட்பவர்கள் உண்டு. நம் நாட்டு எலும்பு மருத்துவர்களே இதைப் பார்த்திருக்கிறார்கள். ராவும் பெஞ்சமின் ஜோசப்பும் 4 முதல் 13 வயது வரையிலான 2,300 பிள்ளைகளின் பாதத்தடங்களை ஆராய்ந்து 1992-இல் வெளியிட்டார்கள். காலணி போட்டு வளர்ந்த பிள்ளைகளில் 8.6 சதவீதம் பேருக்குத் தட்டைப்பாதம், போடாதவர்களில் 2.8 சதவீதம். மூடிய ஷூ போட்டவர்களிடம் அதிகம், செருப்பு போட்டவர்களிடம் குறைவு. ஆகவே ஆறு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்கு வீட்டிலும் வாசலிலும் ஷூ வேண்டாம். அந்த வயதில் பாதம் தட்டையாகத் தெரிவதும் பெரும்பாலும் கொழுப்புத் திண்டால்தான். வளர வளர வளைவு எழும். வலி இருந்தாலோ, ஒரு காலில் மட்டும் தட்டையாக இருந்தாலோ, பிள்ளை நொண்டினாலோ மருத்துவரிடம் காட்டுங்கள்.

அதற்காக வெளியே வெறுங்கால்தான் நல்லது என்று இந்த ஊரில் சொல்ல முடியாது. முதல் காரணம் கொக்கிப்புழு. அது ஈரமண்ணிலிருந்து உள்ளங்கால் தோலைத் துளைத்து உள்ளே போகும். மழை தொடங்கியபின் தோட்டத்துக்கும் ஓடைப்பக்கத்துக்கும் காலணி இல்லாமல் அனுப்பாதீர்கள். ஆகஸ்ட் 10 குடற்புழு நீக்க நாளில் பள்ளியில் தரும் மாத்திரையை மென்று விழுங்க வைத்துவிடுங்கள். இரண்டாவது, முள். வெள்ளக்குட்டைப் பக்கமோ நிம்மியம்பட்டுப் பக்கமோ வேலியோரம் நடப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சீமைக்கருவேல முள் ரப்பர் செருப்பில் ஏறி, உள்ளேயே உடைந்து உட்கார்ந்துகொண்டு, ஒவ்வொரு அடிக்கும் குத்தும். மூன்று மில்லிமீட்டர் சோல் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. வெளிநாட்டுப் புல்வெளிக்குச் செய்த மெல்லிய ஷூவை அப்படியே இங்கே கொண்டுவந்தால் இதுதான் நடக்கும். டவுனுக்குள் நடக்கும் பிள்ளைக்கு நான்கு மில்லிமீட்டர் போதும். காட்டுப் பாதையில் வருகிற பிள்ளைக்கு ஆறு மில்லிமீட்டர் கெட்டி ரப்பர் வேண்டும். ஆனால் அதுவும் வளைய வேண்டும். ராத்திரி ஷூவைத் திருப்பி அடிப்பக்கத்தை ஒருமுறை தடவிப் பார்க்கும் பழக்கம் எந்த சோலுக்கும் தேவை.

மெல்லிய சோலில் தரை தெரிவதுதான் பயன். கல்லை உணர்ந்த கால் தானாகவே விலகிக்கொள்ளும். வேலூர்க்காரர்களுக்கு இது புதிய பாடமில்லை. 1946-இல் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வந்த டாக்டர் பால் பிராண்டு, தொழுநோயாளிகளின் பாதம் புண்ணாவதற்குக் காரணம் உணர்ச்சி போனதுதான் என்று காட்டினார். உணராத காலுக்குப் பஞ்சுபோன்ற மைக்ரோசெல்லுலார் ரப்பர் (எம்.சி.ஆர்.) காலணி வந்ததும் அந்த வழியில்தான். அதே கணக்கில் ஓர் எச்சரிக்கை: சர்க்கரை நோயால் கால் மரத்துப்போன தாத்தா பாட்டிக்குப் பேரனுடைய மெல்லிய ஷூவைப் பார்த்து ஆசைப்பட்டு வாங்கித் தராதீர்கள். அவர்களுக்கு எம்.சி.ஆர். செருப்புதான்.

உழைப்புக்கு வருவோம். பிள்ளையின் ஷூ முதலில் சாவது முன்நுனியில். சைக்கிளுக்கு பிரேக் பிடிக்காமல் காலைத் தேய்ப்பது, கல்லை எற்றுவது, முட்டி போட்டுக் கோலி ஆடுவது எல்லாம் அங்கேதான் விடியும். அடி ரப்பர் மேலேறி விரல்நுனியை மூடியிருக்கிற ஷூவாக எடுங்கள். பிறகு சோலும் மேல்பாகமான அப்பரும் சேரும் இடம். வெறும் பசையில் ஒட்டியது, நனைந்து காய்ந்து நனைந்தால் வாய் பிளக்கும். சுற்றிலும் தையல் ஓடியது தாங்கும். நுரை சோலா, ரப்பரா என்று நகத்தால் அழுத்திப் பாருங்கள். தடம் நின்றால் நுரை. கையில் லேசாக இருக்கும், சிமெண்ட் மைதானத்தில் சோப்பு மாதிரி கரையும்.

தையலைப் பார்க்க உங்களுக்கு யாரும் கற்றுத்தர வேண்டாம். காலையில் பஸ் ஏறி ஆம்பூர், வாணியம்பாடி ஷூ கம்பெனிகளுக்குப் போகிறவர்கள் நம் தெருவில் இருக்கிறார்கள். கிராமங்களில் திண்ணையில் உட்கார்ந்து, ஜோடிக்குச் சில ரூபாய் கூலிக்கு அப்பரைக் கையால் தைத்துத் தருகிற பெண்களும் இருக்கிறார்கள். வெளிநாட்டுப் பிள்ளைக்குத் தையல் ஒரு இழை பிசகினாலும் திருப்பி அனுப்புகிற கண் அது. தன் பிள்ளைக்கு வாங்கும்போது மட்டும் பளபளப்பைப் பார்த்து மயங்குவது ஏன் என்று எனக்குப் புரிந்ததே இல்லை. அந்தக் கைகள் தைக்கும் மொக்காசின், தோல் அடியிலிருந்து பாதத்தைச் சுற்றி எழும் ஷூ. குதிகால் கட்டை வைக்காமல், முன்பக்கம் அகலமாகச் செய்தால் பேர்ஃபுட் ஷூவுக்கு அதைவிட நெருக்கமானது கிடைக்காது.

ஆம்பூர் கடைகளில் எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ் வாங்குவதில் தவறில்லை. தோல் நன்றாகவே இருக்கும். சோல் பி.யு.வாக இருந்தால் மட்டும் கவனம். பாலியூரித்தேன் ஈரக்காற்றை உறிஞ்சி, போடாமல் வைத்திருந்தாலும் சில ஆண்டுகளில் உள்ளுக்குள் சிதையும். குடோனில் கிடந்த பழைய சரக்கு, போட்ட மூன்றாம் நாள் ரொட்டி போல உதிரும். வளைத்துப் பார்க்கும்போது வெடிப்போ பிசுபிசுப்போ தெரிந்தால் எந்த விலையிலும் வேண்டாம்.

பட்டையா, லேஸா? முடிச்சுப் போடத் தெரிந்த பிள்ளைக்கு லேஸ்தான். வெல்க்ரோவில் நாயுருவி விதை அடைத்துக்கொண்டால் இரண்டே மாதத்தில் பிடிப்புப் போகும்.

இரண்டு வருஷம் உழைக்கட்டும் என்று கேட்காதீர்கள். ஓடியாடும் பிள்ளையின் கால் ஆறேழு மாதத்தில் அந்த ஷூவைத் தாண்டிவிடும். பெரிய அளவாக வாங்கிப் பஞ்சு அடைப்பதைவிட, சரியான அளவில் நடுத்தர விலை ஷூ ஒன்றும், பின்வார் வைத்த சாண்டல் ஒன்றும் எடுத்து மாற்றி மாற்றிப் போட வையுங்கள். ஒன்று காயும்போது மற்றொன்று உழைக்கும். அரசுப் பள்ளியில் விலையில்லாமல் தரும் காலணியையும் அட்டை வைத்துப் பாருங்கள். அளவு தப்பினால் அன்றைக்கே மாற்றிக் கேளுங்கள். கெட்டி ஷூவில் பழகிய பிள்ளைக்கு மெல்லிய ஷூவை முதல் இரண்டு வாரம் தினம் ஒரு மணி நேரம் போட்டால் போதும். கெண்டைக்கால் வலித்தால் இன்னும் குறையுங்கள்.

ஆடி, ஆவணியில் சாயங்கால இடிமழை ஜவ்வாது மலைப் பக்கமிருந்து இறங்கும்போது ஷூ நனையாமல் வீடு வராது. சேற்றைத் துடைத்து, இன்சோலைத் தனியே எடுத்து, செய்தித்தாளைச் சுருட்டி உள்ளே திணித்து நிழலில் வையுங்கள். அடுப்போரமும் வெயிலும் கூடாது; நனைந்த தோல் சூடு பட்டால் சுருங்கி அப்பளமாகிவிடும். எண்ணெயைக் குழைத்துப் பூசவும் வேண்டாம், பூஞ்சை பிடிக்கும்.

அட்டையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். தேதி எழுதிக் கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டுங்கள். காலாண்டு விடுமுறையில் பிள்ளையை மறுபடி அதன்மேல் நிற்க வைத்து, கூட்டிய அந்த ஒரு சென்டிமீட்டரில் பாதிக்குமேல் கால் தின்றிருந்தால், ஷூ தேயாவிட்டாலும் தம்பிக்கோ தங்கைக்கோ மாற்றிவிடுங்கள். மாற்றுமுன் இன்சோலில் மூத்தவனின் விரல்பள்ளம் பதிந்திருக்கிறதா என்று பார்த்து, பதிந்திருந்தால் புது இன்சோல் போட்டுக் கொடுங்கள்.