உழவு இயந்திரமும் உரிய விலையும்

உரைநடைப் பாடம்

நுழையுமுன்

நிலத்திற்கும் வீட்டிற்கும் அடுத்தபடியாக உழவர் ஒருவர் பெருந்தொகை செலவிட்டு வாங்கும் பொருள் டிராக்டர் ஆகும். அதன் விலையை ஆராய்ந்து, முகவரிடம் பேசி, முடிவு செய்யும் முறையை இப்பாடத்தில் அறிவோம்.

பெங்களூரும் உழவுக் கருவிகளும்

பெங்களூரு என்றதும் கணினி நிறுவனங்களே நம் நினைவுக்கு வருகின்றன. ஆயினும், நகரைச் சூழ்ந்துள்ள ஒசகோட்டை, தேவனஹள்ளி, தொட்டபள்ளாப்பூர், ஆனேக்கல் ஆகிய வட்டங்களில் கேழ்வரகும் காய்கறிகளும் மலர்களும் திராட்சையும் விளைகின்றன. உழவுக் கருவிகளின் வரலாற்றிலும் இந்நகருக்கு இடமுண்டு. திருவேங்கடசாமி முதலியார் 1911இல் தொடங்கிய வணிகக் குழுமத்தின் வழிவந்த வி.எஸ்.டி. நிறுவனம், 1967இல் பெங்களூரில் நிறுவப்பட்டது. ஜப்பானின் மிட்சுபிஷி நிறுவனத்தின் தொழில்நுட்ப உதவியோடு அது பவர் டில்லர்களை உருவாக்கியது. சென்னையில் 1960இல் தோன்றிய டாஃபே நிறுவனத்தின் டிராக்டர் தொழிற்சாலை ஒன்று தொட்டபள்ளாப்பூரில் உள்ளது. பெங்களூரு வேளாண்மைப் பல்கலைக்கழகம் தன் வளாகத்தில் ஆண்டுதோறும் வேளாண் திருவிழாவை நடத்துகிறது. அங்கே பல நிறுவனங்களின் கருவிகளை ஒரே இடத்தில் கண்டு ஒப்பிடலாம்.

முதலில் தேவையை அறிதல்

விலையைப் பேசுவதற்கு முன் தேவையை அறிதல் வேண்டும். நிலத்தின் பரப்பு, மண்ணின் தன்மை, இழுக்க வேண்டிய கருவிகள் ஆகியவற்றைப் பொறுத்தே டிராக்டரின் குதிரைத்திறன் அமைய வேண்டும். ஆண்டில் சில நாள்களுக்கு மட்டுமே தேவைப்படுமாயின் வாடகைக்குப் பெறுவதே சிக்கனமாகும். கர்நாடக அரசின் 'கிருஷி யந்திர தாரே' மையங்கள் உழவுக் கருவிகளைக் குறைந்த வாடகைக்கு வழங்குகின்றன. வாங்காமலிருப்பதும் சில வேளைகளில் நல்ல முடிவே.

விலையின் கூறுகள்

முகவர் கூறும் ஒற்றைத் தொகைக்குள் பல கூறுகள் அடங்கியுள்ளன. இயந்திரத்தின் அடிப்படை விலை, சரக்கு மற்றும் சேவை வரி, பதிவுக் கட்டணம், காப்பீடு, துணைப்பொருள்கள் ஆகியவை அவற்றுள் முதன்மையானவை. இவற்றுள் வரியும் பதிவுக் கட்டணமும் அரசால் வரையறுக்கப்பட்டவை. பேசிக் குறைக்க இயலாதவை. அடிப்படை விலையில் தரும் தள்ளுபடியும் துணைப்பொருள்களின் விலையும் பேச்சுக்கு உரியவை. காப்பீட்டை முகவரிடமே பெற வேண்டும் என்னும் கட்டாயம் இல்லை.

டிராக்டருக்கான சரக்கு மற்றும் சேவை வரி 12 விழுக்காடாக இருந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் அது 5 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. அடிப்படை விலை 6,00,000 ரூபாய் எனக் கொள்வோம். முன்பு வரி 72,000 ரூபாய். இப்போது 30,000 ரூபாய். எனவே வேறுபாடு 42,000 ரூபாய் ஆகும். இந்தப் பயன் தமக்கு வந்து சேர்ந்ததா என்பதை, வரியைத் தனியே குறிப்பிடும் விலைப்புள்ளியைக் கொண்டே வாங்குவோர் அறிய முடியும்.

ஓர் உரையாடல்

ஒசகோட்டை வட்டத்து உழவர் ஒருவர், பத்தாம் வகுப்பில் பயிலும் தம் மகளுடன் டிராக்டர் விற்பனையகத்திற்குச் செல்கிறார். ஈராண்டுத் தக்காளி விளைச்சலில் சேர்த்த பணம் முன்பணமாகக் கையில் உள்ளது. எஞ்சிய தொகைக்கு வங்கிக் கடன் பெற வேண்டும். (இவ்வுரையாடலில் உள்ள தொகைகள் எடுத்துக்காட்டாகத் தரப்பட்டவை.)

விற்பனையாளர் : வாருங்கள் ஐயா! நீங்கள் கேட்ட வண்டி எல்லாம் சேர்த்து 7,60,000 ரூபாய் ஆகிறது. இன்றே முன்பணம் கட்டினால் நாளையே எடுத்துச் செல்லலாம்.

உழவர் : அவசரம் இல்லை தம்பி. எதற்கு எவ்வளவு என்று தனித்தனியே எழுதித் தாருங்கள்.

விற்பனையாளர் : வரியுடன் வண்டி 6,82,500, பதிவும் காப்பீடும் 36,000, துணைப்பொருள்கள் 24,000, கையாளுகைக் கட்டணம் 17,500.

மகள் : அப்பா, அந்தக் கடைசித் தொகை எதற்கு என்று கேளுங்கள்.

விற்பனையாளர் : அது… வண்டியை இறக்கி ஆயத்தம் செய்வதற்கான செலவு.

உழவர் : விற்கும் பொருளை ஆயத்தம் செய்வது விற்பவர் கடமையல்லவா? அதை நான் எப்படித் தனியே கொடுப்பது?

விற்பனையாளர் : சரி ஐயா, அதை நீக்கிவிடுகிறேன்.

உழவர் : மற்றொரு முகவர் இதே வண்டிக்கு வரியுடன் 6,72,000 ரூபாய் என்று எழுதிக் கொடுத்துள்ளார். இதோ அவருடைய விலைப்புள்ளி.

விற்பனையாளர் : (படித்துப் பார்த்து) அந்த அளவிற்கு எங்களால் இறங்க இயலாது ஐயா. 6,000 ரூபாய் குறைத்து 6,76,500க்குத் தருகிறோம். எங்கள் பணிமனை உங்கள் ஊரிலிருந்து எட்டுக் கிலோமீட்டரில் உள்ளது. பழுது என்றால் அன்றே ஆள் வருவார்.

மகள் : அந்த முகவரின் பணிமனை நாற்பது கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது அப்பா. விதைப்புக் காலத்தில் வண்டி நின்றுவிட்டால் நமக்குத்தான் இழப்பு.

உழவர் : நீ சொல்வது சரி. தம்பி, மேற்கூரை எனக்கு வேண்டாம். அதை நீக்கினால் துணைப்பொருள்களில் 10,000 ரூபாய் குறையும். மொத்தம் 7,26,500 ரூபாய் என்று எழுதிக் கையொப்பமிட்டுத் தாருங்கள். வங்கியில் காட்டிவிட்டு வருகிறேன்.

குரலை உயர்த்தாமலும் எவரையும் இழிவாகப் பேசாமலும் அவ்வுழவர் 33,500 ரூபாயை மிச்சப்படுத்தினார். மிகக் குறைந்த விலையை நாடாமல், அருகிலுள்ள பணிமனைக்காகச் சிறிது கூடுதலாகவும் கொடுத்தார். அவர் அடைந்ததே நேரிய விலையாகும்.

வட்டியில் மறையும் விலை

டிராக்டரின் விலையைக் குறைத்துவிட்டுக் கடனின் வட்டியைக் கவனியாது விடுவோர் பலர். 5,00,000 ரூபாயை 10 விழுக்காடு வட்டியில் ஐந்தாண்டுகளுக்குக் கடனாகப் பெறுவதாகக் கொள்வோம். தொடக்க அசல் முழுமைக்கும் ஆண்டுதோறும் வட்டி கணக்கிட்டால் மொத்த வட்டி 2,50,000 ரூபாய். மாதந்தோறும் குறைந்துவரும் நிலுவைக்கு மட்டும் கணக்கிட்டால் ஏறத்தாழ 1,37,000 ரூபாய். இரண்டிலும் சொல்லப்படுவது 10 விழுக்காடே. செலுத்தும் தொகையோ வேறு. ஆதலால், 'வட்டி எவ்வளவு?' என்பதோடு, 'எந்தத் தொகையின் மீது?' என்றும் கேட்டல் வேண்டும்.

நுகர்வோர் உரிமை

வண்டியைப் பெறும்பொழுது அதன் எண்களும் உற்பத்தி ஆண்டும் ஆவணங்களோடு ஒத்துள்ளனவா எனப் பார்த்தல் வேண்டும். ரசீது தர மறுப்பது, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன்படி முறையற்ற வணிகச் செயலாகும். சுயதொழில் வழியே தம் வாழ்வாதாரத்தை ஈட்டுவதற்காக மட்டும் ஒரு பொருளை வாங்கிப் பயன்படுத்துபவரையும் அச்சட்டம் நுகர்வோராகவே கொள்கிறது. குறைதீர்க்க மாவட்ட நுகர்வோர் ஆணையம் உள்ளது. 1915 என்னும் தேசிய உதவி எண்ணும் உள்ளது.

நேர்மை இருவருக்கும் உரியது. பணியாளர் ஊதியமும் கடை வாடகையும் முகவருக்கும் உண்டு. அவர் ஓரளவு ஊதியம் பெறுதல் இயல்பே. காவிரிப்பூம்பட்டினத்து வணிகர்கள் அளவுக்கு மீறிப் பெறாமலும் அளவிற் குறைத்துக் கொடாமலும் வாழ்ந்தனர் எனப் பட்டினப்பாலை போற்றுகிறது. வாங்குவோர் கேட்கத் தயங்காமலும் விற்போர் மறைக்காமலும் இருந்தால் அவ்வணிகம் இன்றும் நிலைபெறும்.

சொல்லும் பொருளும்

விலைப்புள்ளி – பொருளின் விலையை விவரித்து விற்போர் எழுதித் தரும் தாள்
முகவர் – நிறுவனத்தின் சார்பில் விற்பவர்
நிலுவை – செலுத்த வேண்டிய மீதித் தொகை
ஊதியம் – இலாபம், சம்பளம்

பயிற்சிகள்

அ. கோடிட்ட இடங்களை நிரப்புக.
1. டிராக்டருக்கான வரி 2025 செப்டம்பர் 22 முதல் ______ விழுக்காடாகக் குறைந்தது.
2. வணிகர்களின் நேர்மையைப் போற்றும் சங்க நூல் ______.

ஆ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. விலையின் கூறுகளுள் பேசிக் குறைக்க இயலாதவை யாவை?
2. உழவர் மற்றொரு முகவரின் குறைந்த விலையை ஏற்காதது ஏன்?

இ. கணக்கிடுக.
அடிப்படை விலை 7,00,000 ரூபாய் எனில், 12 விழுக்காட்டு வரிக்கும் 5 விழுக்காட்டு வரிக்கும் உள்ள வேறுபாடு எவ்வளவு?

ஈ. பிரித்து எழுதுக.
பெருந்தொகை, முன்பணம், இந்நகர், தனித்தனி

உ. சிந்தித்து எழுதுக.
'ஊதியம்' என்னும் சொல் இப்பாடத்தில் இரு பொருள்களில் வந்துள்ளது. அவ்விடங்களைக் கண்டறிந்து பொருள் கூறுக.

ஊ. கடிதம் எழுதுக.
உழவர் ஒருவருக்காக, வரி, காப்பீடு, துணைப்பொருள்கள் ஆகியவற்றைத் தனித்தனியே குறிப்பிட்டு விலைப்புள்ளி அனுப்புமாறு டிராக்டர் முகவருக்குக் கடிதம் எழுதுக.

எ. செயல்திட்டம்
உங்கள் வீட்டில் அண்மையில் வாங்கிய ஒரு பொருளின் ரசீதைப் பெற்று, அதன் அடிப்படை விலையையும் வரியையும் அட்டவணைப்படுத்துக.